பொட்டாசியக் குறைவும் இரத்தச் சர்க்கரைக் கோளாறுகளும்

பொட்டாசியக் குறைவு என்பது இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் தாது உப்பின் அளவு லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் நிலையாகும். மருத்துவத்தில் இது ஹைப்போகலீமியா எனப்படும். இரத்தச் சர்க்கரைக் கோளாறு என்பது இரத்தத்திலுள்ள குளுக்கோசின் அளவு இயல்பான எல்லையைக் கடந்து உயர்வது அல்லது தாழ்வது ஆகும். இவை தனித்தனி நிலைகள். ஆயினும் இன்சுலின் என்னும் ஒரே சுரப்புநீர் இரண்டையும் இணைக்கிறது. உடல் தளர்ச்சி, படபடப்பு, கிறுகிறுப்பு, மயக்கம் ஆகிய அறிகுறிகளும் இரண்டிற்கும் பொதுவாக உள்ளன. எனவே அறிகுறியை மட்டும் பார்த்து நோயை முடிவு செய்வது தவறாகலாம். ஒன்றிற்குச் செய்யும் மருத்துவம் மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும்.

இக்கட்டுரை இவ்விரு நிலைகளின் தொடர்பையும் அறிகுறிகளையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வாழ்க்கைச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

இயல்பான அளவுகள்

இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை. ஆய்வகத்திற்கு ஏற்ப இந்த எல்லை சிறிது மாறும். 3.0 முதல் 3.5 வரை இருந்தால் இலேசான குறைவு, 2.5 முதல் 3.0 வரை நடுத்தரக் குறைவு, 2.5-க்குக் கீழ் கடுமையான குறைவு.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அளவில் குறிக்கப்படுகிறது. ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லிலிட்டர். இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் காலையில் பார்க்கும்போது 70 முதல் 99 வரை இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறு ஆய்விலும் அது உறுதியானால் நீரிழிவு நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஆய்வில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை எனப்படும். 54-க்குக் கீழே இறங்கினால் அது உடனடி ஆபத்து.

இந்த அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. சர்க்கரை 100 என்றால், அந்த இரத்தம் முழுவதிலும் உள்ள குளுக்கோஸ் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே. பொட்டாசியம் உடல் முழுவதும் 130 கிராமுக்கு மேல் இருந்தாலும் அதில் ஏறத்தாழ 98 விழுக்காடு உயிரணுக்களுக்கு உள்ளேயே உள்ளது. வெளியில் இருப்பது இரண்டு கிராமை ஒட்டிய அளவு. இந்தச் சிறு அளவை உடல் ஓயாமல் கண்காணித்துக் காத்து வருகிறது.

உயிரணுவுக்குள் நடப்பது

உயிரணுவின் உள்ளே பொட்டாசியத்தின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே வெறும் 4. இந்த வேறுபாட்டினால்தான் உயிரணுச் சவ்வின் இருபுறமும் மின்னழுத்தம் உண்டாகிறது. நரம்பு செய்தி அனுப்புவதும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இம்மின்னழுத்தத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. உயிரணுச் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசிய எக்கி இந்த வேறுபாட்டைக் காக்கிறது. இது மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கும். இதற்குக் காரணமான நொதியை 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தார். அதற்காக 1997-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

உணவு உண்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின், தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோசை உள்ளே ஏற்கச் செய்கிறது. அதே நேரத்தில் மேற்சொன்ன எக்கியையும் முடுக்குகிறது. எனவே குளுக்கோசுடன் பொட்டாசியமும் உயிரணுவுக்குள் செல்கிறது. இன்சுலின் கூடினால் இரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம் இரண்டும் இறங்கும் என்பது இதன் விளைவு.

எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் உள்ளன. சர்க்கரை உள்ளே சென்று ஆற்றலாக மாறும்போது இந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதன் தொடர்ச்சியாக இன்சுலின் வெளிவருகிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் இந்த வாயில்களை மூடியே வேலை செய்கின்றன. உடலில் பொட்டாசியம் குறைந்து போனால் இன்சுலின் சுரப்பும் குறைந்து, சர்க்கரை கூடக்கூடும். இரத்த அழுத்தத்திற்கான சில நீர்ப்போக்கு மாத்திரைகளை நெடுநாள் உண்பவர்களில் சிலருக்குச் சர்க்கரை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறிகள்

பொட்டாசியக் குறைவு

இலேசான குறைவில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. அளவு மேலும் குறையும்போது கீழ்க்காண்பவை தோன்றும்.

- உடல் அசதி; படியேறவும், தரையில் உட்கார்ந்து எழவும் சிரமம்
- கெண்டைக்கால் தசைப்பிடிப்பு, தசை வலி
- மலச்சிக்கல், வயிற்று உப்புசம்
- அடிக்கடி சிறுநீர் கழித்தல், தாகம்
- நெஞ்சு படபடப்பு, இதயத்துடிப்பு தவறுதல்
- கடுமையான நிலையில் கைகால் செயலிழத்தல், மூச்சுத் தசைகள் தளர்தல், இதயத்துடிப்புச் சீர்கேட்டால் உயிரிழப்பு

தாழ்சர்க்கரை

இதன் அறிகுறிகள் சில நிமிடங்களிலேயே தோன்றும். குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம், கடும் பசி, படபடப்பு, உதடும் நாக்கும் மரத்தல் ஆகியவை முதலில் வரும். மூளைக்குச் சர்க்கரை போதாதபோது பேச்சுக் குளறல், காரணமில்லாத கோபம், குழப்பம், பார்வை மங்கல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை தொடரும். குடித்தவர் போல் நடந்துகொள்வதைக் கண்டு சுற்றியிருப்பவர்கள் தவறாக எண்ணுவதும் உண்டு.

அட்டெனலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்து, வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக எஞ்சக்கூடும்.

உயர்சர்க்கரை

இது நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் வளரும். அதிகத் தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், உடல் எடை குறைதல், புண் ஆறாமை, பார்வை மங்கல், சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை நம் முன்னோர் கவனித்திருந்தனர். நீரிழிவு என்னும் தமிழ்ப்பெயரே நீர் மிகுதியாக வெளியேறுவதைச் சொல்கிறது. அந்த நீருடன் பொட்டாசியமும் வெளியேறுகிறது என்பது இங்கு நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

ஒத்த அறிகுறிகளும் வேறுபடும் அறிகுறிகளும்

அசதி மூன்றிலும் உண்டு. படபடப்பு பொட்டாசியக் குறைவிலும் தாழ்சர்க்கரையிலும் உண்டு. தாகமும் அதிகச் சிறுநீரும் பொட்டாசியக் குறைவிலும் உயர்சர்க்கரையிலும் உண்டு. திடீர் வியர்வையும் குழப்பமும் தாழ்சர்க்கரையைச் சுட்டும். நினைவு தெளிவாக இருக்கும்போதே இரு கால்களும் தூக்க முடியாமல் கனப்பது பொட்டாசியக் குறைவைச் சுட்டும். ஆனால் இவை சுட்டுக்குறிகள் மட்டுமே. உறுதி செய்வது இரத்த ஆய்வு.

காரணங்கள்

பொட்டாசியம் குறைவதற்கு உணவுக் குறைபாடு மட்டுமே காரணமாவது அரிது. பெரும்பாலும் இழப்பே காரணம்.

- வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி
- பியூரோசெமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர்ப்போக்கு மாத்திரைகள்
- கட்டுப்பாடற்ற நீரிழிவில் ஏற்படும் மிகைச் சிறுநீர்
- மெக்னீசியக் குறைவு. இது சரியாகாதவரை பொட்டாசியம் ஏறாது
- இன்சுலின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் போன்ற, பொட்டாசியத்தை உயிரணுவுக்குள் தள்ளும் மருந்துகள்
- ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உண்பது
- அதிமதுரத்தை அதிக அளவில் தொடர்ந்து உண்பது. அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகம் வழியே பொட்டாசியத்தை வெளியேற்றும்

தாழ்சர்க்கரை பெரும்பாலும் இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கே வருகிறது. மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தவிர்த்தல், வழக்கத்தை மீறிய உடலுழைப்பு, வெறும் வயிற்றில் மது, சிறுநீரகம் பழுதடைதல் ஆகியவை இதைத் தூண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்களுக்கு இது அரிது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சூழல்

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. பெரம்பலூர்ப் பகுதியில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை மானாவாரியாகவும் கிணற்றுப் பாசனத்திலும் விளைகின்றன. அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. இரண்டிலும் கோடை வெயில் கடுமையானது. வெயிலில் நின்று உழைப்பவர்களும் மிகுதி.

வெயிலில் வேலை செய்து களைத்து வருபவர் கெண்டைக்கால் இழுக்கிறது என்றால் அதைப் பொட்டாசியக் குறைவு என்று உடனே சொல்லிவிட முடியாது. வியர்வையில் சோடியம்தான் அதிகம். பொட்டாசியம் மிகக் குறைவே. நீரும் உப்பும் குறைந்ததே பெரும்பாலும் காரணம். உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் இதற்குப் பயன் தருகின்றன. ஆனால் அதே உழைப்பாளி சர்க்கரை மாத்திரை உண்பவராகவும், காலை உணவைத் தவிர்த்துவிட்டுக் களையெடுக்கச் சென்றவராகவும் இருந்தால் நிலைமை வேறு. அவருக்கு முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை.

நீரிழிவு இன்று நகரத்து நோய் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் உள்ளன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கிடைப்பது எளிதானது நன்மையே. அதனுடன், எந்த மாத்திரை எதற்கு, உண்ணாத நாளில் அதை என்ன செய்வது என்பதையும் வீட்டிலுள்ளோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இச்சூழலில் வரக்கூடிய மூன்று நிலைமைகளைக் காணலாம்.

முதலாவது: அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும், இரத்த அழுத்தத்திற்கு நீர்ப்போக்கு மாத்திரையும் உண்கிறார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, சோறு இறங்கவில்லை, ஆனால் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. இவருக்குச் சர்க்கரையும் பொட்டாசியமும் ஒரே நேரத்தில் குறைந்திருக்கலாம். ஒன்றை மட்டும் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பினால் மற்றொன்று மறைந்தே இருக்கும்.

இரண்டாவது: இருபத்தைந்து வயது இளைஞர். முதல் நாள் கல்யாண வீட்டில் வயிறு நிறைய உண்டு உறங்கியவர், விடியற்காலையில் இரு கால்களையும் அசைக்க முடியாமல் கிடக்கிறார். பேச்சும் நினைவும் தெளிவாக உள்ளன. பொட்டாசியக் குறைவுக் காலமுறை வாதம் என்னும் அரிய நோயில் இவ்வாறு நேரும். மிகுதியான மாவுச்சத்து இன்சுலினைத் தூண்ட, அது பொட்டாசியத்தைத் தசைக்குள் தள்ளிவிடுகிறது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் சிலருக்கும், குறிப்பாக ஆண்களுக்கு, இது வரும்.

மூன்றாவது: இன்சுலினை நிறுத்திவிட்ட ஒரு மாணவர். மிகுந்த தாகம், வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை. இது கீட்டோ அமில மிகை என்னும் ஆபத்தான நிலை. இவருடைய உடலில் பொட்டாசியம் சிறுநீர் வழியே பெருமளவு போயிருக்கும். ஆனால் இன்சுலின் இல்லாததாலும் அமிலம் கூடியதாலும் உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து, முதல் ஆய்வில் அளவு இயல்பாகவோ உயர்ந்தோ தெரியும். இன்சுலின் கொடுத்ததும் அது மளமளவென இறங்கும். எனவே மருத்துவமனையில் இன்சுலினுடன் பொட்டாசியத்தையும் கணக்கிட்டுச் செலுத்துவர். முதலிலேயே பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தால், அதை உயர்த்திய பிறகே இன்சுலினைத் தொடங்குவர்.

இம்மூவரும் வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கவர்கள் அல்லர். 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டிய நிலைமைகள் இவை. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது; பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது.

“குளுக்கோஸ் ஏற்றுதல்”

உடம்பு முடியவில்லை என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும் என்பது நம் ஊர்களில் பரவலான எண்ணம். நோயாளியே கேட்டு ஏற்றிக்கொள்வதும் உண்டு. ஐந்து விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் எனப்படும் 500 மில்லிலிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். இரண்டு இட்லியில் கிடைக்கும் மாவுச்சத்தை ஒட்டிய அளவே அது.

சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்து மயங்கியவருக்குச் சிரை வழியாகக் கொடுக்கும் குளுக்கோஸ் உயிர்காக்கும் மருந்து. சர்க்கரை ஏற்கெனவே 400 இருப்பவருக்கு அதுவே தீங்கு. பொட்டாசியம் குறைந்து தளர்ந்தவருக்கோ, ஏற்றிய குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டி, எஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் உயிரணுவுக்குள் தள்ளும். தளர்ச்சி கூடும், இதயத்துடிப்பு தவறவும் வாய்ப்புண்டு. மூவரும் சொல்வது “அசதியாக இருக்கிறது” என்ற ஒரே சொல்தான். ஆகவே பாட்டிலை ஏற்றும் முன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கண்டறிதல்

சர்க்கரையைக் குளுக்கோமீட்டரில் வீட்டிலேயே பார்க்கலாம். விரலைக் கழுவித் துடைத்த பின்னரே குத்த வேண்டும். பழமோ இனிப்போ தொட்ட விரலில் பார்த்தால் பொய்யாகக் கூடுதல் அளவு காட்டும்.

பொட்டாசியத்தைக் குளுக்கோமீட்டரில் காண முடியாது. சிரையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஈசிஜி எனப்படும் இதய மின்வரைபடமும் உதவும். அதில் டி அலை தட்டையாவதும், யூ அலை தோன்றுவதும் பொட்டாசியக் குறைவின் அடையாளங்கள். சிறுநீரகச் செயல்பாடு, மெக்னீசியம், தேவைப்பட்டால் தைராய்டு ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார்.

கிராமத்தில் எடுத்த இரத்தம் நகரத்து ஆய்வகத்திற்குச் செல்லும் வழியில் ஒரு சிக்கல் உண்டு. குழாயில் உள்ள இரத்த அணுக்கள் உயிருடன் இருந்து குளுக்கோசைச் செலவழிக்கும். மணிக்கணக்கில் தாமதமானால் சர்க்கரை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து, அளவு பொய்யாக உயரும். உண்மையான குறைவு இவ்வாறு மறைந்துபோகலாம். சர்க்கரைக்கு ஃபுளோரைடு கலந்த தனிக்குழாய் பயன்படுத்துவதும், பொட்டாசியத்திற்கான இரத்தத்தை விரைவில் பிரித்து ஆய்வதும் இதற்காகவே.

முதலுதவி

சர்க்கரை 70-க்குக் கீழ் இருந்து, நோயாளி விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தர வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் அதே அளவு தர வேண்டும். சரியானதும் இட்லி, சோறு போன்ற உணவு தர வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் உண்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகவே சேரும். அவர்கள் குளுக்கோஸ் தூளையே பயன்படுத்த வேண்டும். குளுக்கோமீட்டர் இல்லாத இடத்தில் சர்க்கரை நோயாளி வியர்த்து நடுங்கினால், தாழ்சர்க்கரை எனக் கொண்டு இனிப்பு தருவதே பாதுகாப்பு.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகளால் வந்த தாழ்சர்க்கரை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரும். தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது.

பொட்டாசியக் குறைவுக்கு வீட்டில் செய்யத்தக்க அவசர மருத்துவம் இல்லை. மருந்துக் கடையில் கேட்டுப் பொட்டாசிய மருந்து வாங்கி உண்பது ஆபத்து. அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். மருத்துவமனையில்கூட அதை நன்கு நீர்க்கச் செய்து, மெதுவாகவே சிரையில் செலுத்துவர்.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் சிறந்தது. உலக சுகாதார அமைப்பு 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு உள்ளன. வீட்டில் கலக்கும் சர்க்கரை உப்புக் கரைசலில் பொட்டாசியம் இருக்காது. எனவே பொட்டலம் கிடைக்கும்போது அதையே பயன்படுத்துவது நல்லது. நீரிழிவு உள்ளவர்களும் வயிற்றுப்போக்கின்போது இதைக் குடிக்கலாம்; சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவு

வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் பொட்டாசியம் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. முருங்கைக் கீரை, தண்டுக் கீரை, பயறு வகைகள், கொள்ளு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், வாழைத்தண்டு, தக்காளி, இளநீர் ஆகியவற்றில் இது மிகுதி. காய்கறியை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதனுடன் போய்விடும். இரசத்திலோ குழம்பிலோ அந்நீரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாழைப்பழம் உண்டால் பொட்டாசியக் குறைவு தீரும் என்று கருதுவோர் உண்டு. இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 400 மில்லிகிராம், அதாவது 10 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. இரத்த அளவு 4-இலிருந்து 3-க்கு இறங்கியவருடைய உடலில் 200 முதல் 400 மில்லிமோல் வரை பற்றாக்குறை இருக்கும். அதை ஈடுசெய்யக் குறைந்தது இருபது பழம் வேண்டும். ஒவ்வொரு பழத்துடனும் சுமார் 25 கிராம் மாவுச்சத்தும் வரும். நீரிழிவு உள்ளவருக்கு இது ஒவ்வாது. நல்ல உணவு குறைவு வராமல் காக்கும். வந்துவிட்ட கடுமையான குறைவை அதனால் மட்டும் தீர்க்க இயலாது.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை உண்போருக்கும் பொட்டாசியம் கூடும் ஆபத்து உண்டு. நெடுநாள் நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுப்பதால் இவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகளே. இளநீரும், சோடியம் குறைந்தது எனக் கடைகளில் விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பும் இவர்களுக்குத் தீங்காகலாம். மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

வரலாறு

பொட்டாசியத்தை 1807-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி மின்பகுப்பு முறையில் தனிமைப்படுத்தினார். இதன் வேதிக் குறியீடான கே என்ற எழுத்து காலியம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஹைப்போகலீமியா என்னும் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. இன்சுலினை 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பிரடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது.

இன்சுலின் வந்த பிறகும் கீட்டோ அமில மிகையில் சிலர், சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தபோதே தசை தளர்ந்து மூச்சுத் திணறினர். சிகிச்சையின்போது பொட்டாசியம் குறைவதே இதற்குக் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் ஹாலர் 1946-இல் விளக்கி எழுதினார். சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது என்று மருத்துவ உலகம் அறிந்துகொள்ள இன்சுலினுக்குப் பின் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

நினைவில் கொள்ள வேண்டியவை

- அசதி, படபடப்பு, மயக்கம் ஆகியவை அறிகுறிகள். நோயின் பெயர்கள் அல்ல.
- சர்க்கரை நோயாளிக்குத் திடீரென உடல்நிலை மாறினால் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். அது இயல்பாக இருந்தும் தளர்ச்சி நீடித்தால் பொட்டாசியம் பார்க்கச் சொல்ல வேண்டும்.
- வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் சர்க்கரை மாத்திரையையும் நீர்ப்போக்கு மாத்திரையையும் தொடர்வதா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ அன்றே கேட்க வேண்டும். இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது.
- மருத்துவமனைக்குச் செல்லும்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மாத்திரையின் பெயரே பல நேரங்களில் காரணத்தைச் சொல்லிவிடும்.
- கைகால் செயலிழத்தல், மூச்சுத் திணறல், நெஞ்சுத் துடிப்பு தவறுதல், நினைவு குழம்புதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. மருந்தையும் அதன் அளவையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.